மாப்பிள்ளையின் விசுவாசமும் கூட்டுப் பணமும்

கேள்வி: என் தங்கையின் கணவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஞானஸ்நானம் பெற்றார். ஞாயிறு ஆராதனையில் கண்ணீர்விட்டு ஜெபிக்கிறார். ஆனால், எங்கள் தோட்டத்துப் பெண்களிடம் கூட்டு (சீட்டு) பிடித்தவர், என் முறைக்கான பணத்தை எட்டு மாதமாகத் தரவில்லை. கேட்டால், "கர்த்தர் பார்த்துக்கொள்வார், அக்கா" என்கிறார். இவருடைய விசுவாசம் உண்மைதானா என்று எப்படி அறிவது, ஐயா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: பால்மரம் வெட்டிய குடும்பம் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாளியில் உள்ள பால் தண்ணீர் கலந்தாலும் வெள்ளையாகத்தான் இருக்கும். நல்ல பாலிலேயே ரப்பர் ஏறக்குறைய 30 முதல் 40 விழுக்காடுதான் என்பதால், பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மெட்ரோலாக் என்ற கருவியை மிதக்கவிட்டுப் பார்த்த பிறகே கணக்கு எழுதினார்கள். கண்ணீரும் உரத்த ஜெபமும் அந்த வெண்மையைப் போன்றவை. "பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன" என்று யாக்கோபு எழுதும்போது, நம்பிக்கையோடு நடுக்கத்தையும் சேர்த்தே சொல்கிறார்.

பணம் நல்ல அளவுகோல். வரி வசூலித்த சகேயு, இயேசு தம் வீட்டுக்கு வந்த அன்றே, யாரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருவதாக, எவரும் கேட்காமலே சொன்னார். உங்கள் மாப்பிள்ளையோ எட்டு மாதமாகக் கேட்டும் கர்த்தரைக் கைகாட்டுகிறார். அது விசுவாசத்தின் மொழி அன்று, கடன்காரரின் மொழி.

ஆயினும், அவர் விசுவாசியே அல்லர் என்று நீங்களோ நானோ தீர்ப்பெழுத முடியாது. "உங்களை நீங்களே சோதித்து அறியுங்கள்" என்று பவுல் எழுதியது, தமக்குள் கிறிஸ்து பேசுகிறார் என்பதற்கு அத்தாட்சி கேட்ட கொரிந்து சபையாருக்குத்தான்; அவரைச் சோதிக்க வந்தவர்களிடமே அவர் அந்தச் சோதனையைத் திருப்பிவிட்டார். மேலும், இயேசுவை மூன்று முறை மறுதலித்த இரவில் மட்டும் பேதுருவை அளந்திருந்தால், நாம் என்ன எழுதியிருப்போம்? விழுந்தாரா என்பதைவிட, சுட்டிக்காட்டியபின் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்பதே அதிகம் சொல்லும்.

விசுவாசத்தைப் பற்றிய கேள்வி ஆறப்போடக்கூடியது. பணத்தைப் பற்றியது அப்படியல்ல. மத்தேயு 18-இல் உள்ள ஒழுங்கின்படி, முதலில் தனியே பேசுங்கள். செவிகொடுக்காவிட்டால் சபையில் மதிப்புள்ள ஒருவரோ இருவரோ உடனிருக்க, தொகையையும் தேதியையும் எழுதி வாங்குங்கள். தங்கையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பணம் கொடுத்த மற்றப் பெண்களும் அன்று உடன் வரட்டும்.