பிரிட்டனில் தனித் தாய்மாரின் சம்பளமும் யூனிவர்சல் கிரெடிட்டும்: கேள்வி பதில்

கேள்வி (ஈஸ்ட்ஹாம் வாசகி): ஆறு வயது மகனுடன் தனியே வாழ்கிறேன், யூனிவர்சல் கிரெடிட்டில் (குறைந்த வருமானம் உள்ளோருக்கு அரசு மாதந்தோறும் தரும் உதவித்தொகை) வாடகைக்கும் உதவி கிடைக்கிறது. வேலைக்குப் போனால் எல்லாம் நின்றுவிடும் என்கிறார்களே?

பதில்: நிற்காது, குறையும். 2025–26 கணக்குப்படி, உங்கள் நிலையில் உள்ளவரின் மாதச் சம்பளத்தில் முதல் 411 பவுண்டைத் தொட மாட்டார்கள். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் கழிப்பார்கள். வரி போகக் கைக்கு 900 பவுண்டு வந்தால் உதவித்தொகையில் 269 பவுண்டு குறைந்து, 631 பவுண்டு உங்களுக்கு மிஞ்சும். 2021 நவம்பர்வரை இந்தக் கழிவு 63 பென்ஸாக இருந்தது. இப்போதும் கூடுதல் நேர உழைப்பில் பவுண்டுக்கு 45 பென்ஸ்தான் கையில் மிஞ்சுகிறது. பஸ் செலவும் அதிலிருந்துதான்.

கேள்வி (லெஸ்டர் வாசகி): மாதத்தின் கடைசி வேலைநாளில் சம்பளம் வருகிறது. சம்பளம் மாறாதபோதும் சில மாதங்களில் கிரெடிட் பாதியாகிவிடுவது ஏன்?

பதில்: குற்றம் சம்பளத் தேதியில் இருக்கிறது. உங்கள் மதிப்பீட்டு மாதம் (கிரெடிட்டைக் கணக்கிட வருமானத்தைப் பார்க்கும் ஒரு மாத காலம்) 30ஆம் தேதி தொடங்கி 29இல் முடிவதாகக் கொள்வோம். 2025 ஆகஸ்ட் 31 ஞாயிறாக இருந்ததால் சம்பளம் 29ஆம் தேதியே வந்திருக்கும். ஜூலை 31இல் வந்த சம்பளமும் அதே மதிப்பீட்டு மாதத்துக்குள் அடங்குவதால், இரண்டையும் ஒரே மாத வருமானமாகக் கணினி எடுத்துக்கொள்ளும். அடுத்த மாதம் சம்பளமே இல்லை என்று கிரெடிட்டைக் கூட்டித் தந்தாலும், 411 பவுண்டுச் சலுகை ஒருமுறை வீணாவதால் ஏறத்தாழ 226 பவுண்டு திரும்பி வராது. வேலை பார்க்கும் நான்கு தனித் தாய்மார் இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், இப்படிக் கணக்கிடுவது அறிவுக்குப் பொருந்தாதது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020 ஜூனில் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு நவம்பரில் விதியும் திருத்தப்பட்டது. ஆகவே, ஒரு சம்பளத்தை அடுத்த மதிப்பீட்டு மாதத்துக்கு மாற்றும்படி உங்கள் ஜர்னலில் (யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் செய்தி எழுதும் பகுதி) இரு தேதிகளையும் குறிப்பிட்டு எழுதுங்கள். நான்கு வாரங்களுக்கு ஒருமுறை சம்பளம் பெறுவோருக்கு இத்திருத்தம் உதவாது என்பது, என் பார்வையில், அரைகுறை நீதியே.

கேள்வி (கிராய்டன் வாசகி): குழந்தைக் காப்பகக் கட்டணத்தை முன்கூட்டியே கேட்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: கட்டணத்தில் 85 விழுக்காடு, 2025–26 கணக்குப்படி ஒரு குழந்தைக்கு மாதம் 1,031.88 பவுண்டுவரை, கிரெடிட்டில் திரும்பக் கிடைக்கும். ஆனால் நீங்கள் கட்டி ரசீது காட்டிய பிறகே. புதிதாக வேலையில் சேர்பவராக இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே ஜாப் சென்டரில் (அரசு வேலைவாய்ப்பு அலுவலகம்) முதல் மாதக் கட்டணத்துக்கு உதவி கேளுங்கள்; 2023 முதல் இதற்கு வழியிருக்கிறது.

கேள்வி (லூட்டன் வாசகி): மகளுக்கு மூன்று வயதானதும் 30 மணி நேர வேலை கட்டாயமா?

பதில்: 2023 அக்டோபர் முதல் வாரம் 30 மணி நேரம் என்பது உச்ச அளவு. பக்கத்தில் காப்பகம் கிடைக்காததையும் நர்சரி நேரத்தையும் எடுத்துச் சொல்லி, அதைக் குறைக்கும்படி உங்கள் வொர்க் கோச்சிடம் (ஜாப் சென்டரில் உங்களுக்கான அலுவலர்) கேட்கலாம்; ஒப்புக்கொண்ட மணி நேரத்தை எழுத்தில் பதியச் செய்துகொள்ளுங்கள்.