ஏலத்தில் எடுத்த மிலிட்டரி வண்டி: ஆயில் கேள்விகளும் பதில்களும்

பட்டாள லாரிகளுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தே பல வருஷம் போச்சு. இப்போ வெலிங்டன் பக்கத்தில் இருக்கேன். ஏலத்தில் வண்டி எடுத்தவங்க கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்றேன். நின்னே கிடந்த வண்டிக்கு, மீட்டர் எவ்வளவு கம்மியா காட்டினாலும், ஒரு சொட்டு பழைய ஆயிலையும் நம்பாதீங்க.

கோத்தகிரியிலிருந்து: அண்ணே, ஸ்டாலியன் பட்டாள லாரி எடுத்திருக்கேன். என்ஜின் ஆயில் ஃபுல் கோட்டுக்கு மேலேயே நிக்குது. ஓட்டலாமா?

வேண்டாம் தம்பி. ஆயில் குறையும், தானா ஏறாது. யாராவது கூடுதலா ஊத்தியிருக்கணும், இல்லைன்னா டீசலோ ரேடியேட்டர் தண்ணியோ உள்ளே கலக்குது. ஆயில் அளவு பார்க்கிற கம்பியை, அதான் டிப் ஸ்டிக்கை, மோந்து பாருங்க. டீசல் கலந்திருந்தா வாசனை காட்டிக் கொடுக்கும், விரல்ல தேய்ச்சா நீர்த்திருக்கும். தண்ணி கலந்திருந்தா பால் காபி நிறம். ராத்திரி முழுக்க நிறுத்தி வச்சு, காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டிரெயின் பிளக்கைக் கொஞ்சம் தளர்த்துங்க. தண்ணி கனம், அடியில தங்கி முதல்ல அதுதான் சொட்டும். அப்படி வந்தா ஆயில் மாத்தினா மட்டும் போதாது. எங்கிருந்து இறங்குதுன்னு கண்டுபிடிச்ச பிறகுதான் வண்டியைக் கிளப்பணும்.

குன்னூரிலிருந்து: கிரவுன் ஆயில், அதான் அச்சு நடுவுல இருக்கிற டிஃபரன்ஷியல் ஆயில், மாத்தணும். அடி பிளக்கைக் கழட்டிடட்டுமா?

முதல்ல மேலே ஆயில் ஊத்துற பிளக்கைக் கழட்டுங்க! அது துருப்பிடிச்சு வரலைன்னா, அடி பிளக்கைத் திறந்து ஆயிலை வடிச்சுட்டு நடுவழியில நிப்பீங்க. மேல் பிளக் திறந்துச்சுன்னு உறுதியான பிறகு அடியைத் தொடுங்க. பத்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடா வடிச்சா கசடும் சேர்ந்து வரும். பிளக் காந்தத்துல சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தா பயமில்லை. நகத்துல தட்டுப்படுற செதில் இருந்தா ஹவுசிங்கைத் திறந்தே ஆகணும்.

ஹவுசிங் மேலே காத்து போக வர இருக்கிற பிரீத்தரையும் சுத்தம் பண்ணுங்க. அது மண்ணு அடைச்சிருந்தா, சூட்டுல உள்ளே காத்து விரிஞ்சு ஆயில் சீலைத் தள்ளிடும். புது சீல் போட்டும் ஒழுகுதுன்னு வர்ற வண்டியில நான் முதல்ல பார்க்கிறது அதைத்தான். முன் கிரவுனையும், முன் பின் அச்சுக்கு இழுவையைப் பிரிச்சுக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸையும் நிறைய பேர் மறந்துடுறாங்க. நாலு வீலும் இழுக்கிற ஃபோர் வீல் டிரைவ் வண்டியில அதுங்களுக்கும் தனித்தனியா ஆயில் உண்டு.

அதே நண்பர்: எல்லாத்துக்கும் ஒரே கியர் ஆயில் ஊத்தலாமா?

வண்டிப் புத்தகம் சொல்றதை ஊத்துங்க. ஜி.எல்.4, ஜி.எல்.5-ன்னு கியர் ஆயில் டப்பாவுல தரம் போட்டிருக்கும். கிரவுனுக்கு ஜி.எல்.5 சரி. கியர் பாக்ஸுல, கியர் சத்தமில்லாம விழ உதவுற பித்தளை சின்க்ரோ ரிங் இருந்தா, ஜி.எல்.5-ல இருக்கிற சில மருந்து பித்தளையை அரிக்கும். புத்தகம் ஜி.எல்.4 கேட்டா அதையே வாங்குங்க.

ஊட்டியிலிருந்து: இங்கே குளிர்தானே, ரேடியேட்டருக்குப் பச்சைத் தண்ணி போதாதா?

ஊட்டி உயரத்துல தண்ணி சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடிதான் அழுத்தம் பிடிச்சு அந்தக் கொதிநிலையை உயர்த்துது. பழைய மூடியோட ரப்பர் வெடிச்சிருந்தா மேட்டுல பொங்கிடும். அதனால புது மூடி, பாதிக்குப் பாதி கூலன்ட். உள்ளே துருவும் பிடிக்காது, ஜனவரி உறைபனிக்கும் தாங்கும்.

கூடலூரிலிருந்து: அண்ணா, ஜோங்கா பட்டாள ஜீப் வாங்கியிருக்கோம். பிரேக் டப்பாவில் ஆயில் கறுத்திருக்கு. மேலே கொஞ்சம் புதுசு ஊத்தினா போதுமா?

போதாதும்மா. இந்தக் கேள்வியை நீங்க கேட்டது எனக்குப் பெரிய நிம்மதி. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். நம்ம மலை மஞ்சுல கேட்கவே வேண்டாம். டாட் 3, டாட் 4-ங்கிறது பிரேக் ஆயில் வகை. புது டாட் 3 குறைஞ்சது 205 டிகிரி வரை கொதிக்காம தாங்கணும். ஈரம் ஏறினா அந்த அளவு 140-க்கு இறங்கிடும். டாட் 4-க்கு 230, 155. இறக்கத்துல டிரம் சூடேறும்போது உள்ளே இருக்கிற தண்ணி ஆவியாகும், ஆவியை மிதிச்சா அமுங்குமே தவிர பிரேக் பிடிக்காது.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்குற கல்லட்டி ரோட்டுல 36 கொண்டை ஊசி வளைவு. பாதி இறங்கும்போது எனக்குப் பெடல் தரை வரைக்கும் போயிருக்கு. கியரைக் குறைச்சு, மண் மேட்டுல சாய்ச்சு நிறுத்தினேன். அந்த டப்பாவிலயும் ஆயில் கறுப்புதான்.

முழுசா வடிச்சு, நாலு வீல்லயும் தெளிஞ்ச ஆயில் வர்ற வரைக்கும் பிளீட் பண்ணுங்க, அதாவது பழைய ஆயிலையும் காத்தையும் வெளியேத்துங்க. வீல் சிலிண்டர் கப், ரப்பர் ஹோஸ் ரெண்டையும் மாத்துங்க. டாட் 5 சிலிக்கோன் வகை, அதை மத்ததோட கலக்கவே கூடாது. இது முடியாம வண்டி மலையை விட்டு இறங்க வேண்டாம்மா.

கோத்தகிரி தம்பி மறுபடியும்: ஸ்டாலியன் ஏர் பிரேக். அதுல ஆயில் இல்லையே, என்ன பார்க்கணும்?

ஏர் டேங்க் அடி வால்வைத் தினமும் சாயங்காலம் திறந்து தண்ணியை வடிக்கணும். தண்ணியோட நிறைய ஆயில் வந்தா கம்ப்ரஸர் ரிங் தேஞ்சிருக்கு.

கேத்தியிலிருந்து: எல்லாம் மாத்தியாச்சு ஐயா. அடுத்தது எப்போ?

என்ஜின் ஆயிலும் ஃபில்டரும் 500 கிலோமீட்டர்ல மறுபடி மாத்துங்க. பல வருஷக் கசடு புது ஆயில்ல கரைஞ்சு வரும். வடிச்ச ஆயிலை வேலிக் கம்பத்துக்குப் பூசாதீங்க, ஓடையோரம் கொட்டாதீங்க. முதல் மழையில பவானியில போய்ச் சேர்ந்துடும். கேன்ல மூடி வச்சு, பழைய ஆயில் எடுக்கிறவங்க வரும்போது கொடுத்துடுங்க.