சம்பங்கியும் செண்பகமும்: கிழங்குப் பூக்கள் பற்றிக் கேள்வி பதில்

களக்காட்டுப் பக்கம் 20 ஆண்டுகளாகக் கிழங்குப் பூச்செடிகள் வளர்த்து வருகிறேன். தோட்டக் குழுவினரின் கேள்விகளுக்குப் போகுமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். பூக்கிழங்கை அடுக்களையில் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். லில்லிக் கிழங்கு பார்வைக்கு வெங்காயம் மாதிரியே இருக்கும். தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான்.

கேள்வி (பாளையங்கோட்டை): மாமியார் என் படுக்கையறை ஜன்னலடியில் 12 தொட்டி சம்பங்கி வைத்திருக்கிறார். இரவானால் எனக்கு ஒற்றைத் தலைவலி. அவருக்கோ மணமே தெரியவில்லையாம். நான் நடிக்கிறேன் என்கிறார்.

பதில்: நீங்கள் நடிக்கவில்லை அம்மா. அவரும் பொய் சொல்லவில்லை. ஒரே மணத்துக்குள் இருந்துகொண்டே இருந்தால் மூக்கு அதைக் கண்டுகொள்ளாது. இரண்டு நாள் அவரை மகள் வீட்டுக்குப் போய்வரச் சொல்லுங்கள். திரும்பி வந்து தார்சாவில் கால் வைத்ததுமே அவருக்கே தெரியும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் பலருக்கு மணமே வலியைக் கிளப்பிவிடும். அது வீம்பு அல்ல.

சம்பங்கி இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளை அழைக்கிற பூ. அதனால் இருட்டிய பிறகுதான் மணத்தை வாரி இறைக்கும். தண்டில் கீழிருந்து மேலாக ஒவ்வொரு இணையாக மொட்டு அவிழும். சாயங்காலம் பக்கத்தில் நின்று பாருங்கள்: பகலில் லேசாக மணந்த அதே பூ, விளக்கேற்றி ஒரு மணி நேரத்தில் ஆளை நிறுத்தும். நீங்கள் தூங்கப் போகும் நேரம் அதற்கு உச்ச நேரம்.

இனி காற்றைப் பாருங்கள். ஆனி, ஆடியில் நமக்கு மேல்காற்று. தொட்டிகள் வீட்டுக்குக் கிழக்கே இருந்தால் மணம் வெளியே போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். அப்போது தென்மேற்கு மூலைக்கு நகர்த்துங்கள். ஜன்னலடிக்கு மழை லில்லியும் பந்து லில்லியும் போதும், இரண்டுமே அறையை நிறைக்கும் மணம் உள்ளவை அல்ல. மூச்சுத்திணறலும் சேர்ந்து வந்தால் தொட்டியை நகர்த்திக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (வள்ளியூர்): ட்யூலிப் கிழங்கு வாங்கிவிட்டேன். பூக்குமா?

பதில்: அதற்கு மூன்று, நான்கு மாதக் கடுங்குளிர் வேண்டும். ஸ்ரீநகரில் பூப்பது அதனால்தான். நமக்குக் கத்திரி வெயிலைத் தாங்குகிற கிழங்கு வேண்டும்.

கேள்வி (மானூர்): சம்பங்கி இலை இலையாகத் தழைக்கிறது. பூ இல்லை.

பதில்: நிழலில் இருக்கிறதா என்று பாருங்கள், நாளுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். கிழங்கு 2.5 செ.மீ. பருமனாவது இருக்க வேண்டும். ஒரு கிழங்கு ஒரு முறைதான் பூக்கும், அடுத்த பூ அதன் பக்கக் கிழங்குகளிலிருந்து. மூன்று ஆண்டு பிரிக்காத தூரில் அவை நெருக்கியடித்துக்கொண்டு மெலிந்துபோகும்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): பந்து லில்லி இலை மஞ்சளாகிச் சாய்ந்தது. தினமும் தண்ணீர் ஊற்றியும் தேறவில்லை.

பதில்: ஊற்றியதுதான் தவறு. அது தூங்கப் போகிறது. தண்ணீரை நிறுத்துங்கள். ஐப்பசி அடைமழை தொட்டியில் இறங்காதபடி உள்ளே இழுத்து வையுங்கள். கோடை மழைக்கு அதுவே முளைக்கும்.

கேள்வி (தென்காசி): குற்றாலத்தில் செண்பகாதேவி அருவிப் பக்கம் இருந்ததும் சம்பங்கிதானே? இரண்டும் ஒரே பெயர்தான்.

பதில்: இல்லை. அது செண்பகம், மரம்.

கேள்வி (சேரன்மகாதேவி): குறுக்கிடுகிறேன். எங்கள் ஆச்சி வீட்டுப் புறவாசலில் சம்பங்கி கொடியில் பூத்தது. நீங்கள் கிழங்கு என்கிறீர்கள்.

பதில்: ஆச்சி சொன்னதும் சரி. அது கொடிச் சம்பங்கி. பச்சையும் மஞ்சளும் கலந்த கொத்துப் பூ, எருக்கின் குடும்பம். கிழங்கில் வருவது நிலச் சம்பங்கி. பெயர்தான் ஒன்று, செடிக்குச் செடி உறவே கிடையாது.

கேள்வி (தென்காசி): ஒப்புக்கொள்ள மாட்டேன். சங்கப் பாட்டிலேயே இருக்கிறதே!

பதில்: குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் இருப்பது சண்பகம், நம் மலையில் வளர்கிற மரம். நிலச் சம்பங்கியின் தாய்வீடு மெக்சிகோ. 1492-இல் கொலம்பஸ் கடல் கடக்குமுன் அதை இங்கே யாரும் பார்த்திருக்க வழியில்லை. பொதிகை மரத்தின் பெயரை வந்த பூவுக்குக் கொடுத்துவிட்டு மரத்தையே மறந்துவிட்டோமே என்றுதான் எனக்கு வருத்தம். ஆடிச் சாரலில் ஒரு செண்பகப் பூவைக் கையில் வைத்துப் பாருங்கள் ஐயா: ஆரஞ்சு கலந்த மஞ்சள், நீண்ட இதழ். வெள்ளைவெளேரென்ற சம்பங்கியோடு குழப்பவே முடியாது.

கேள்வி (நாங்குநேரி): மணமுள்ள பூ வைத்தால் பாம்பு வருமா?

பதில்: எலிக்கும் தவளைக்கும்தான் வரும். செடியடியில் குப்பை சேர விடாதீர்கள்.

கேள்வி (களக்காடு): செங்காந்தள் கிழங்கு நட்டேன், முளைக்கவில்லை.

பதில்: நுனி ஒடிந்திருக்கும். முளைக்கண் அந்த நுனியில்தான் இருக்கிறது. கையாண்டதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதில் உள்ள கொல்கிசின் என்ற நஞ்சு உயிரையே எடுக்கும். பிள்ளைகள் கைபடும் இடத்தில் அந்தக் கிழங்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி (முக்கூடல்): சம்பங்கிக் கிழங்கு மெத்தென்று அழுகிவிட்டது. தினமும் தண்ணீர் விட்டேன்.

பதில்: மேலே அம்பாசமுத்திரத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். கரிசல் மண்ணென்றால் மணலும் மட்கிய எருவும் கலந்து மேட்டுப் பாத்தியில் நடுங்கள்.

கேள்வி (ஏர்வாடி): என் கிழங்கும் அழுகல். மருந்து உண்டா?

பதில்: கழுத்தைக் கட்டை விரலால் அழுத்துங்கள். கல்லாக இருந்தால் பிழைக்கும். விரல் உள்ளே போனால் தூர எறியுங்கள். தண்ணீர், தண்ணீர், தண்ணீர்! இந்தக் கேள்விக்கு இன்று இனிப் பதில் இல்லை.

கேள்வி (திசையன்விளை): நல்ல விதைக் கிழங்கு எங்கே கிடைக்கும்?

பதில்: மூன்று ஆண்டு ஆன தூர் வைத்திருப்பவரிடம் கேளுங்கள், மகிழ்ச்சியோடு கொடுப்பார். இலை காய்ந்தபின் தோண்டி நிழலில் ஆற விட்டு, வைகாசிக் கடைசியில் நடுங்கள். ஆற வைக்கும் இடம் அடுக்களையாக மட்டும் இருக்க வேண்டாம்.