மிக்-21 காக்பிட்டும் கேனப்பியும்: கேள்வி பதில்

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் இந்திய விமானப்படை மிக்-21-க்கு விடை கொடுத்தது. அதற்குப் பிறகு பரணில் கிடந்த பிளாஸ்டிக் மாடல் விமானக் கிட்டெல்லாம் மேசைக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அந்த விமானத்தைப் பற்றியே.

அண்ணா, 1/72 அளவு (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு) மிக்-21 என் முதல் கிட். காக்பிட்டுக்குள், அதாவது விமானி உட்காரும் அறைக்குள், எவ்வளவு வேலை செய்யலாம்?

முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள் தம்பி: கேனப்பி, அதாவது விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடி, திறந்திருக்கப் போகிறதா, மூடியிருக்கப் போகிறதா? மூடுவதாக இருந்தால் வெளியிலிருந்து தெரிவது சீட்டின் தலைப்பகுதி, தோள் பெல்ட், டேஷ்போர்டின் மேல்விளிம்பு, அவ்வளவுதான். பக்கவாட்டு ஸ்விட்சுகளை நான் ஒருமுறை மூன்று வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தீட்டினேன். உடல் இரண்டு பாதியையும் ஒட்டியதும் எல்லாம் இருட்டுக்குள் போய்விட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் எனக்கு மட்டும் தெரியும். அதனால் பாகங்களை டேப்பால் தற்காலிகமாகச் சேர்த்து, கேனப்பியை மேலே வைத்து, கண்ணுக்கு என்ன படுகிறது என்று பார்த்துவிட்டுத் தூரிகையை எடுங்கள்.

நான் செய்வது இந்திய விமானப்படையின் டைப் 77. கேனப்பியைத் திறந்து வைக்க ஆசை. எந்தப் பக்கம் திறக்கும்?

நல்ல வேளை, ஒட்டுவதற்கு முன்னால் கேட்டீர்கள். பலர் சறுக்கும் இடம் இது. டைப் 77 என்பது மிக்-21 எஃப்எல், அந்த விமானத்தின் பழைய வகை. அதன் கேனப்பியும் முன்கண்ணாடியும் ஒரே துண்டு. கீல் முன்பக்கம் இருப்பதால் பின்பகுதி மேலே எழும். அந்தக் காலத்து எஸ்கே சீட் (ஆபத்தில் விமானியை வெளியே வீசும் இருக்கை) அமைப்பில், விமானி வெளியேறும்போது இந்த மூடியும் சீட்டோடு சேர்ந்து வந்து, முகத்தில் அறையும் காற்றைத் தடுக்கும். அதற்காகத்தான் இப்படி ஒரு வடிவம். பின்னால் வந்த டைப் 96, பிஸ் எனப்படும் டைப் 75 இரண்டிலும் கேஎம்-1 என்ற புதுவகை சீட் வந்துவிட்டது. முன்கண்ணாடி உடலோடு நிற்கும், கேனப்பி மட்டும் விமானியின் வலப்பக்கமாகச் சாயும். ஏணி இடப்பக்கம் வைக்கப்படுவதும் அதனால்தான். 77-இன் கேனப்பியை வெட்டி வலப்பக்கம் சாய்த்து வைத்த மாடல்களைக் கண்காட்சியிலேயே பார்த்திருக்கிறேன். பெயின்ட் வேலை பிரமாதம். மிக்-21 தெரிந்தவர் கண் நேராக அங்கேதான் போகும்.

உள்ளே என்ன நிறம்? குறிப்புத்தாளில் சாம்பல் என்று போட்டிருக்கிறது.

தாளை உடனே ஒதுக்கிவிடாதீர்கள், ஆரம்பகால மிக்-21-களில் சாம்பலும் உண்டு; நீங்கள் செய்யும் வகையின் படத்தைப் பாருங்கள். சோவியத் போர் விமானங்களின் காக்பிட்டுக்குப் பேர்போன நிறம் நீலமும் பச்சையும் கலந்த ஒன்று, பழைய வீட்டுச் சுவரில் நீர்த்துப்போன மயில்கழுத்து மாதிரி. டப்பாவிலிருந்து அப்படியே அடித்தால் இந்தச் சின்ன அளவில் கண்ணை உறுத்தும். கொஞ்சம் வெள்ளை கலந்து வெளிற வையுங்கள்.

அப்புறம், டேஷ்போர்டில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு உண்டு. அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். விமானம் சுழன்று விழும்போது விமானி கட்டுப்பாட்டுக் கோலை அந்தக் கோட்டுக்கு நேராகத் தள்ளினால் கோல் நடுவில் இருக்கிறது என்று அர்த்தம். தலை சுற்றும் நேரத்தில் கண்ணுக்கு ஒரு பிடிப்பு. 1/48-இல் இந்த ஒரு கோடு போதும், காக்பிட்டுக்கு உயிர் வந்துவிடும்.

சீட் பெல்ட்டுக்குப் பித்தளை பாகம் வாங்கப் பணமில்லை சார்.

வேண்டாமே. மாஸ்கிங் டேப்பை மெல்லிய பட்டையாக வெட்டுங்கள். நிஜ பெல்ட் ஏறக்குறைய 45 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், 1/48-க்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, 1/72-க்கு 0.6. பக்கிளுக்கு மாத்திரை அட்டையின் பின்பக்க அலுமினியத் தாள். கேட்காமலே ஒன்று சொல்கிறேன்: பெல்ட் சீட்டின் மேல் துணி மாதிரி தொய்ந்து கிடக்க வேண்டும், விறைப்பாக நிற்கக் கூடாது. பித்தளை வாங்கினாலும் மெழுகுவத்தியில் ஒரு நொடி காட்டி இளக்கினால்தான் அப்படி வளையும்.

மீட்டர்களைத் தூரிகையால் வரைய என் கைக்கு வரவில்லை.

என் கைக்கும் வராது. டீகால் (நீரில் நனைத்து ஒட்டும் அச்சுப்படம்) ஒட்டி, அதை மென்மையாக்கும் திரவம் தடவி, காய்ந்ததும் ஒவ்வொரு மீட்டரின் மேலும் பல் குத்தும் குச்சியால் ஒரு சொட்டு பளபளப்பு வார்னிஷ். கண்ணாடி போட்ட மாதிரி இருக்கும்.

கேனப்பியை ஒட்டினேன், மறுநாள் உள்ளே வெள்ளைப் புகை படிந்திருந்தது. காப்பாற்ற முடியுமா?

சூப்பர் க்ளூ போட்டிருப்பீர்கள். அதன் ஆவி மூடிய இடத்தில் சுற்றி, காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து வெள்ளையாகப் படியும். நானும் ஒரு ஸ்பிட்ஃபயர் போர் விமான மாடலை இப்படிக் கெடுத்தேன். மேலோட்டமாக இருந்தால் கேனப்பியை மெதுவாகக் கழற்றி, 3000, 6000 என்று நுண்ணிய உப்புத்தாளில் நீர் தொட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, தெளிவான அக்ரிலிக் வார்னிஷில் முக்கி எடுங்கள். முக்கியதும் ஒரு மூலையை டிஷ்யூவில் தொட்டு வைத்து, ஒரு நாள் டப்பாவுக்குள் மூடிவிடுங்கள், தூசி வேண்டாம். அடுத்த முறை ஃபெவிகால் போதும். காய்ந்தால் தெளிந்துவிடும், தவறினால் ஈரத்துணியில் துடைத்துவிடலாம்.

கேனப்பியின் சட்டங்களுக்கு (கண்ணாடியைத் தாங்கும் விளிம்புகள்) பெயின்ட் அடிக்கும்போது கோடு நேராக வரவில்லை.

டேப்பின் ஓரத்தைப் புது பிளேடால் வெட்டிவிட்டு ஒட்டுங்கள். ரோலின் ஓரம் தூசி பிடித்துப் பிசிறியிருக்கும். முதலில் காக்பிட்டின் உள்நிறம் ஒரு பூச்சு, காய்ந்தபின் வெளிநிறம். உள்ளிருந்து பார்த்தாலும் சட்டம் சரியான நிறத்தில் தெரியும்.

எஃப்-16 கேனப்பியின் நடுவில் ஒரு கோடு ஓடுகிறது. உடைந்ததா?

இல்லை, அச்சின் சேர்க்கைக் கோடு. உப்பிய கேனப்பியை அச்சில் வார்த்தால் வரும். பிளேடால் லேசாகச் சுரண்டி, மேலே சொன்ன மாதிரியே தேய்த்துவிடுங்கள். நடுவில் பால் போல மங்கும்போது பயம் வரும், நிறுத்தாதீர்கள். எஃப்-16 கேனப்பியின் பொன்னிறச் சாயல் வேண்டுமானால் பளபளப்பு வார்னிஷில் தெளிந்த மஞ்சளும் ஒரு துளி ஸ்மோக் நிறமும் கலந்து, மெல்லிய பூச்சாக அடியுங்கள்.

கேனப்பி தரையில் விழுந்து காணாமல் போய்விட்டது!

விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து மெல்லச் சுற்றுங்கள். தெளிந்த பிளாஸ்டிக் மின்னும். கட்டிலுக்கு அடியில் முதலில் பாருங்கள். அதுவரைக்கும் யாரையும் அறைக்குள் விடாதீர்கள், பெருக்கவும் வேண்டாம்.