வரலாற்று மன்றமும் மூன்றரை மணிப் பேருந்தும்

வணக்கம் ஐயா,

எனக்கு 36 வயது. இளங்கலை முடித்த கையோடு திருமணமாகிவிட்டது. பிள்ளைகள் இருவரும் வளர்ந்து பள்ளிக்குச் செல்வதால், இந்த ஆண்டு மதுரையில் ஒரு கல்லூரியில் முதுகலை வரலாறு சேர்ந்திருக்கிறேன். மேலூரிலிருந்து நாள்தோறும் வந்து போகிறேன். படிப்பு பிடித்திருக்கிறது. ஆனால் வகுப்பு முடிந்ததும் மூன்றரை மணிப் பேருந்துக்கு ஓடிவிடுகிறேன். உடன் படிப்பவர்களுக்கு 21, 22 வயது. ‘அக்கா’ என்று மரியாதையாகத்தான் அழைக்கிறார்கள். அருகில் போனால் பேச்சை மாற்றிக்கொள்கிறார்கள். வரலாற்று மன்றத்துக்குப் பெயர் கொடுக்கச் சொல்கிறார் பேராசிரியர். “பட்டம்தான் வேண்டுமென்றால் அஞ்சல் வழியில் படித்திருக்கலாமே, இதற்கெல்லாம் நேரம் ஏது?” என்கிறார் கணவர். இந்த வயதில் மன்றம், களப்பயணம் என்று போவது பொருத்தம்தானா?

வாசகி, மேலூர்

அன்புள்ள சகோதரிக்கு,

மன்றத்துக்குப் பெயர் கொடுங்கள்.

உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது. 1966இல் அமைந்த மதுரைப் பல்கலைக்கழகம் 1970களிலேயே அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியதால், நம் பக்கத்தில் எத்தனையோ பேர் வேலையையும் குடும்பத்தையும் விடாமல் பட்டம் பெற்றார்கள். அந்தப் பட்டத்தை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் நீங்கள் விடியலில் எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, மாட்டுத்தாவணியில் இறங்கி இன்னொரு பேருந்து பிடித்து வருவது, தபாலில் வந்து சேராத ஒன்றுக்காகத்தானே? பாடக்குறிப்பு வீட்டுக்கே வந்துவிடும். நீங்கள் சொன்ன கருத்தை உடன் படிப்பவர் ஒருவர் மறுத்துப் பேச, அதற்குப் பதில் தேடி நூலகத்துக்குப் போகும் வாய்ப்பு அப்படி வராது. அது பெரும்பாலும் வகுப்பு முடிந்த பிறகுதான் கிடைக்கிறது.

அதிலும் நீங்கள் எடுத்திருப்பது வரலாறு. கீழக்குயில்குடி சமணர் மலையில், பேச்சிப்பள்ளத்துச் சிற்பங்களின் கீழே இருக்கும், தமிழின் பழைய எழுத்துமுறையான வட்டெழுத்தை உச்சிவெயிலில் போய்ப் பார்த்தால் வெறும் கீறல்களாகத்தான் தெரியும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து வரி துலங்கும். இதை யாரும் கரும்பலகையில் காட்டிவிட முடியாது. உங்கள் மன்றத்தில் மைப்படி எடுக்கும், அதாவது கல்வெட்டைத் தாளில் மையால் படியெடுக்கும், பயிற்சி நடந்தால் எதை விட்டாலும் அதை விடாதீர்கள். கல்லைக் கழுவித் துடைத்து, நனைத்த தாளை அதன்மேல் விரித்து, தூரிகையால் அடித்து அடித்துத் தாளை எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். ஈரம் சற்று வற்றியதும் மை ஒற்ற வேண்டும். அப்போது எழுத்து வெள்ளையாகவும் சுற்றுப்பரப்பு கறுப்பாகவும் எழும்பி வரும். காற்று வீசினால் தாள் கிழியும் என்பதால் ஒருவர் தாளைப் பிடிக்க, ஒருவர் தண்ணீர் ஊற்ற, ஒருவர் அடிக்க வேண்டியிருக்கும். அங்கே யாருக்கு என்ன வயது என்று பார்க்க ஒருவருக்கும் பொழுதிராது.

பேச்சை மாற்றிக்கொள்கிறார்கள் என்று வருந்த வேண்டாம். அந்த வயதுக்குரிய பேச்சு அவர்களுக்கு இருக்கும். அதற்குள் நீங்கள் நுழைய வேண்டியதில்லை. ஆனால் ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். களப்பயணம் என்றதும், “அக்கா இருக்கிறார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்” என்று உங்களிடம் பொறுப்பை ஒப்படைக்கப் பார்ப்பார்கள். தலை எண்ணுவதும், சத்தம் போடாதே என்று அதட்டுவதும் உங்கள் வேலையாகிவிட்டால், நீங்கள் மாணவியாக இருக்க முடியாது. பணிவாகவும் உறுதியாகவும் மறுத்துவிடுங்கள். வீட்டில் அந்தப் பொறுப்பைப் பல ஆண்டுகளாகச் சுமந்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறீர்கள். கல்லூரியிலாவது கற்றுக்கொள்பவராக மட்டும் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நேரத்தைப் பொறுத்தவரை, பேராசிரியரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. இன்ன மணிக்குக் கிளம்பியாக வேண்டும், மாதம் ஒரு சனிக்கிழமை தர முடியும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதற்கேற்ற வேலையை அவர் தருவார். கலைவிழா, விளையாட்டு விழா எல்லாவற்றுக்கும் போக வேண்டும் என்பதில்லை. இந்த ஒரு மன்றம் போதும். ஏற்ற வேலையை மட்டும் பாதியில் விடாதீர்கள்.

வெறுங்கையோடு அந்த மன்றத்துக்குள் போகிறோம் என்றும் எண்ண வேண்டாம். 1882இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்த, பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் பொறித்த மாங்குளம் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டும், 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் உங்கள் ஊர்ப்பக்கத்தில்தான் இருக்கின்றன. அரிட்டாபட்டியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து மேலூர் வட்டாரமே திரண்டதையும், 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானதையும் நீங்கள் அருகிலிருந்து கண்டவர். உடன் படிப்பவர்களுக்கு இவை தேர்வுக்குரிய குறிப்புகள். எந்தப் பேருந்தில் ஏறுவது, எங்கே இறங்கி நடப்பது, யாரிடம் வழி கேட்பது என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். மன்றத்தின் முதல் கூட்டத்திலேயே மாங்குளம் போகலாம் என்று நீங்களே சொல்லுங்கள். இடமிருந்தால் கணவரையும் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இந்த அலைச்சல் எதற்கு என்பதை வீட்டில் விளக்குவதைவிட அங்கே காட்டுவது எளிது. பிப்ரவரிக்குள் போய்விடுவது நல்லது. மார்ச் பிறந்துவிட்டால் முற்பகலிலேயே பாறை சுடத் தொடங்கிவிடும். நின்று எழுத்தைப் பார்க்க முடியாது.