வளைவு நின்றுவிட்டதா என்பதே முதல் கேள்வி

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து 54 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பத்து ஆண்டுகளாக அவருக்கு நீரிழிவு. ஐந்து மாதங்களுக்கு முன் ஆணுறுப்பின் மேற்புறத்தில் பட்டாணி அளவில் ஏதோ கைக்குத் தட்டுப்பட்டது. இப்போது விறைக்கும்போது உறுப்பு மேல்நோக்கி வளைகிறது, வலிக்கவும் செய்கிறது. “புற்றுநோயாக இருக்குமோ என்று இரவில் தூக்கம் வருவதில்லை. இணையத்தில் ஒரு தைலம் வாங்கித் தடவி வருகிறேன். மாத்திரையில் சரியாகுமா, அறுவைச் சிகிச்சைதான் வழியா? மனைவியிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை.”

ஐயா, நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பெய்ரோனி நோயைக் காட்டுகின்றன. அது புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனாலும் மருத்துவர் ஒருமுறை தொட்டுப் பார்த்து இதை உறுதிசெய்ய வேண்டும். பதினைந்தாம் லூயி மன்னரின் அறுவை மருத்துவராக இருந்த பிரான்சுவா ழிகோ த லா பெய்ரோனி 1743இல் இதை விவரித்தார். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக மருத்துவ உலகம் அறிந்த நோய் இது. அத்தனை காலமாக ஆண்கள் இதை வாய்விட்டுச் சொல்லத் தயங்கியும் வருகிறார்கள்.

உறுப்புக்குள் இரத்தம் நிரம்பும் இரு குழல்களைச் சுற்றி, நீண்டு கொடுக்கும் கெட்டியான உறை ஒன்று இருக்கிறது. உடலுறவின்போது உறுப்பு மடங்குவதால் அதில் நுண்ணிய காயம் ஏற்படலாம். பலருக்கு அது நினைவில்கூட இருக்காது. அந்தக் காயம் சரியாக ஆறாமல் தழும்பாகக் கெட்டிப்படுகிறது. சட்டையின் ஒரு பக்கத்தை மட்டும் சுருக்கித் தைத்தால் துணி அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும் அல்லவா? தழும்பு உள்ள பக்கம் நீளாததால் உறுப்பும் அப்படித்தான் வளைகிறது. நீரிழிவும் புகைப்பழக்கமும் இதற்குத் துணை போகின்றன. உள்ளங்கையில் தடித்த நாண் போல ஏதும் தட்டுப்படுகிறதா, விரல் மடங்கி நிற்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் கோளாறும் இதுவும் சிலரிடம் சேர்ந்தே வரும்.

உங்கள் கேள்விக்கு விடை, நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வலி இருந்து, வளைவு மாறிக்கொண்டே இருந்தால் நோய் இன்னும் அடங்கவில்லை. இந்த நிலை பெரும்பாலும் ஓராண்டு வரை நீடிக்கும், சிலருக்கு ஒன்றரை ஆண்டும் ஆகலாம். வலி பெரும்பாலும் தானாகவே தணிந்துவிடும். வளைவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. சிகிச்சை பெறாத ஆண்களைக் கவனித்து 2006இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஏறக்குறைய 12 விழுக்காட்டினருக்கே வளைவு குறைந்தது. 40 விழுக்காட்டினருக்கு அப்படியே இருந்தது, 48 விழுக்காட்டினருக்குக் கூடியது. ஆகவே ‘தானே சரியாகும்’ என்று காத்திருக்காதீர்கள். அதே நேரத்தில் இப்போதே கத்தி வைக்கவும் கூடாது. அடங்காத நோயில் அறுவை செய்தால், நேராக்கிய உறுப்பு மறுபடி வளையக்கூடும்.

தைலத்தை இன்றே நிறுத்துங்கள். தோலில் தடவும் எதுவும் அந்த உறைக்குள் போய்த் தழும்பைக் கரைக்காது. ஆண்மைக்கென்று விற்கப்படும் பொருள்களில் சொல்லாத மருந்துகள் கலந்திருப்பதாக, சிங்கப்பூரில் மருந்துகளைக் கண்காணிக்கும் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. நீரிழிவு மருந்து எடுப்பவருக்கு அது உயிராபத்தாகலாம். வைட்டமின் ஈ மாத்திரையைப் பலர் நம்புகிறார்கள். ஆய்வுகள் அந்த நம்பிக்கைக்குத் துணை நிற்கவில்லை. அதிர்வலைச் சிகிச்சை வலியைக் குறைக்கலாம், வளைவை நேராக்காது. வளைவுக்கென்று அதைப் பெரும் பணத்துக்கு விற்பது எனக்கு ஏற்புடையதல்ல.

இந்தக் கட்டத்தில் நான் மதிப்பது இழுவைக் கருவியை. உறுப்பை மெதுவாக நீட்டிப் பிடிக்கும் எளிய சாதனம் அது. பழைய வகைகளை நாளுக்குப் பல மணி நேரம் அணிய வேண்டும், புதியவற்றில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை போதும். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும், பலன் மிதமானதுதான். ஆனால் நீளம் குறைவதைத் தடுக்க உதவும். மருத்துவர் அளவு பார்த்துச் சொன்ன பிறகே அணியுங்கள்.

தழும்புக்குள் போடும் ஊசிகளும் உண்டு. தழும்பில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தைக் கரைக்கும் நொதி மருந்துக்கு அமெரிக்கா 2013இல் இந்நோய்க்கு ஒப்புதல் தந்தது. முக்கிய ஆய்வுகளில் அது வளைவைச் சராசரியாக 34 விழுக்காடு குறைத்தது; வெற்று ஊசி போட்டவர்களுக்கு 18 விழுக்காடு குறைந்தது. 2020இல் அது ஐரோப்பியச் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. அதனால் இங்கே யாராவது அதைத் தருவதாகச் சொன்னால் மருந்தின் பெயரையும் அது எங்கிருந்து வருகிறது என்பதையும் கேளுங்கள். வெராபமில், இன்டர்ஃபெரான் ஊசிகளும் பயன்பாட்டில் உள்ளன.

வளைவு மூன்று முதல் ஆறு மாதம் மாறாமல் நின்று, உறவுக்கும் தடையாக இருந்தால் அறுவையைப் பற்றிப் பேசலாம். விறைப்பு நன்றாக இருந்து வளைவு மிதமாக இருந்தால், தழும்புக்கு எதிர்ப்பக்கத்தில் மடிப்புத் தையல் போட்டு இரு பக்கத்தையும் சமன்செய்வார்கள். நம்பகமான முறை இது. நீளம் சற்றுக் குறையும் என்பதை முன்கூட்டியே மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். 60 பாகைக்கு மேல் வளைந்தாலோ நடுவில் இடுங்கியிருந்தாலோ, தழும்பை வெட்டிவிட்டு ஒட்டு வைப்பார்கள். அதன்பின் விறைப்பு தளரும் அபாயம் கூடுதல். ஒட்டுத் துண்டு மாடு அல்லது பன்றியின் திசுவிலிருந்தும் எடுக்கப்படலாம். சமய நம்பிக்கையால் அதில் தயக்கம் உள்ளவர்கள் முன்பே கேட்டு, மாற்று என்ன என்று பேசிக்கொள்ளுங்கள். மாத்திரை எடுத்தும் விறைப்பு வராதவர்களுக்கு, உறுப்புக்குள் செயற்கை விறைப்புக் கருவி பொருத்துவதே வளைவு, விறைப்புக் குறை இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தீர்வு. நீரிழிவு உள்ளவர்களுக்கு அதில் தொற்று அபாயம் அதிகம். சர்க்கரையை முதலில் கட்டுக்குள் கொண்டுவந்தாக வேண்டும்.

எப்படித் தொடங்குவது? சர்க்கரைக்காகப் போகும் பலதுறை மருந்தகத்திலேயே சொல்லுங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனையின் சிறுநீரியல் பிரிவுக்குச் சென்றால், குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியக் கட்டணம் கிடைக்கும். நேரே தனியார் நிபுணரிடம் போனால் அது இல்லை. விறைத்த நிலையில் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருங்கள். வெட்கப்பட ஏதுமில்லை, அறையில் பத்து நிமிடம் விவரிப்பதைவிட அந்த இரண்டு படங்கள் அதிகம் சொல்லும். இரண்டு மாதம் கழித்து மறுபடி எடுத்தால், வளைவு நின்றுவிட்டதா என்பதும் தெரியும்.

அதுவரை உறுப்பை வலிந்து நிமிர்த்தாதீர்கள். எப்போதாவது ‘டக்’கென்ற சத்தத்தோடு விறைப்பு சட்டென அடங்கி, வீங்கிக் கருத்தால் அது வேறு பிரச்சினை. அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

மனைவியிடம் சொல்லிவிடுங்கள், ஐயா. நீங்கள் விலகி இருப்பதற்கு அவர் வேறு காரணம் நினைத்துக்கொண்டிருக்கலாம். நிபுணரைப் பார்க்கப் போகும் நாளில் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். நீளம் குறைவது, உறவுக்குச் சில வாரம் இடைவெளி விடுவது போன்ற முடிவுகளில் அவருக்கும் பங்கு உண்டு.