ரசம் ஓடாத தட்டு: வாசகர் கேள்வி – பதில்

ஸ்டோன்வேர், அதாவது உயர்சூட்டில் சுட்ட மண்ணாலான சாப்பாட்டுத் தட்டு, கிண்ணம் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை சேர்த்துக் கட்டியிருக்கிறேன். நான் புதுச்சேரி பக்கம் பல வருடமாக இதையே செய்து பிழைப்பவன். அதனால் பதிலில் கொஞ்சம் சொந்தக் கதையும் கலந்துதான் வரும்.

கண்காட்சியில் ஒரு தட்டு 950 ரூபாய்க்கு வாங்கினேன். ஸ்டோன்வேர் என்றார்கள். மண் தட்டுக்கு ஏன் இவ்வளவு விலை? நிஜமாகவே ஸ்டோன்வேர்தானா என்று வீட்டில் சோதிக்க முடியுமா? (வாசகி, கோவை)

உங்கள் பாட்டி வீட்டில் ஊறுகாய் ஜாடி இருந்திருக்கும், மேலே பழுப்பு, கீழே வெள்ளை. அது ஸ்டோன்வேர்தான். உப்பும் எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் வருடக்கணக்கில் உள்ளே கிடந்தும் ஜாடி கசியவில்லை என்றால் அதற்குக் காரணம் சூடு. மண் பானையை 1000 டிகிரிக்குள்தான் சுடுவார்கள். அந்தச் சூட்டில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஆனால் நடுவே துளைகள் அப்படியே இருக்கும், பானைத் தண்ணீர் குளிர்வது அதனால்தான். ஸ்டோன்வேரை 1200-லிருந்து 1300 டிகிரி வரை ஏற்றுகிறோம், அப்போது மண்ணில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற தாது உருகிக் கண்ணாடி மாதிரி ஆகி அந்தத் துளைகளை அடைத்துவிடும். கசிவது பானைக்கு நல்ல குணம், தட்டுக்கு அதுவே குறை.

சோதிக்கச் சமையலறைத் தராசு போதும். காய்ந்த தட்டை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு, காலையில் நன்றாகத் துடைத்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். 500 கிராம் தட்டு 5 கிராமோ 10 கிராமோ கூடியிருந்தால் பரவாயில்லை. 40, 50 கிராம் கூடினால் அது சாதாரணச் சூட்டில் வெந்த மண், மேலே பளபளப்புப் பூசியிருக்கிறார்கள், அவ்வளவுதான். விலை பற்றிக் கேட்டீர்கள்: ஒரு தட்டு இரண்டு முறை சூளைக்குள் போகிறது, ஈர நிலையிலிருந்து நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சுருங்குகிறது, ஒவ்வொரு சூளையிலும் சில போய்விடும். போனதற்கும் சேர்த்துத்தான் உங்களிடம் வாங்குகிறார்கள், நானும் அப்படித்தான்.

வீட்டில் சின்ன மின்சூளை வைத்திருக்கிறேன். கிண்ணம் நன்றாக வருகிறது. தட்டு மட்டும் படகு மாதிரி வளைந்துவிடுகிறது, இல்லை நடுவில் கீறுகிறது. (வாசகர், மதுரை)

தட்டு அப்படித்தான் படுத்தும். பார்க்க எளிது, செய்யக் கடினம். கிண்ணத்தின் சுவர் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். தட்டு படுத்துக் கிடக்கிற பொருள், 1250 டிகிரியில் மண் இளகும்போது கீழே எங்கே பிடிப்பு இல்லையோ அங்கே தொய்ந்துவிடும்.

சக்கரத்தில் நடுப்பகுதியை விரலால் விரித்ததோடு விட்டுவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். மரத்தகடு ஒன்றை எடுத்து நடுவிலிருந்து விளிம்புக்கும் விளிம்பிலிருந்து நடுவுக்கும் நாலைந்து தடவை அழுத்தி இழுங்கள். S மாதிரிக் கீறல் வருவது பெரும்பாலும் இந்த அழுத்தம் போதாததால்தான். அப்புறம் சக்கரத்தின் மேல் வைத்த பலகையிலிருந்து தட்டை எடுப்பது. ஈரத் தட்டின் ஓரத்தைப் பிடித்து ஒரு தடவை தூக்கி, வளைந்ததைத் தட்டிச் சரிசெய்து வைத்திருப்பீர்கள், அது காயும்வரை நேராகத்தான் இருக்கும், சூளைக்குள் போனதும் பழைய வளைவை ஞாபகம் வைத்துக்கொண்டு திரும்பி வரும். மண்ணுக்கு மறதியே கிடையாது, எங்கள் பட்டறையில் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான். அதனால் பலகையோடு விட்டுவிடுங்கள், விளிம்பில் மட்டும் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி மூடுங்கள், ஏனென்றால் விளிம்பு முதலில் காய்ந்து நடுவை இழுக்கும். ஃபேன் காற்று வேண்டவே வேண்டாம். பெரிய தட்டு, 25 செ.மீ.க்கு மேல் என்றால், அடியில் தட்டைத் தாங்கும் வளையம் ஒன்று போதாது, உள்ளே இன்னொரு சின்ன வளையமும் விட்டுச் செதுக்குங்கள். ஆற விடும்போதும் அவசரப்படாதீர்கள். 573 டிகிரியில் மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற தாது திடீரென்று அளவு மாறும், அந்த இடத்தில் வேகமாக இறக்கினால் தட்டு 'டிங்' என்று சொல்லிவிட்டுப் போகும்.

அழகு என்று வாங்கிய தட்டில் சாப்பிட முடியவில்லை! கறுப்பு, பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ், முழுக்கத் தட்டையானது. குழம்பு ஓடுகிறது, ஸ்பூன் பட்டால் பல் கூசுகிறது. கலைப்பொருள் என்றால் இப்படித்தானா? (வாசகி, சென்னை)

இல்லை. செய்தவர் அந்தத் தட்டில் ஒரு வேளைகூடச் சாப்பிட்டுப் பார்க்கவில்லை என்று அர்த்தம். இதை நான் தைரியமாகச் சொல்வேன், ஏனென்றால் என் முதல் செட்டும் அதே கறுப்புத்தான். ரொம்பப் பெருமையாக அத்தை வீட்டுக்கு ஆறு தட்டு கொடுத்தேன். அத்தை சாதம் போட்டு, ரசம் விட்டு, பிசைய ஆரம்பித்ததும் கையை எடுத்துவிட்டார். "ஏன்டா, தரையில பிசையற மாதிரி இருக்கு" என்றார். ரசம் ஒரு பக்கமாக ஓடி விளிம்பைத் தாண்டி மேஜையில் இறங்கிக்கொண்டிருந்தது. தட்டு ஆறும் அடுத்த வாரம் மாடியில் துளசித் தொட்டிக்கு அடியில் போய்விட்டன.

அதற்கப்புறம்தான் நாம் எப்படிச் சாப்பிடுகிறோம் என்று பார்க்க ஆரம்பித்தேன். முள்கரண்டிக்கான தட்டுக்குத் தட்டையான நடுவும் அகல விளிம்பும் சரி. கையால் பிசைகிறவருக்கு ஓரம் இரண்டு, இரண்டரை செ.மீ. எழும்ப வேண்டும், அதுவும் செங்குத்தாக அல்ல, கடைசிப் பருக்கையை விரலால் வழித்து மேலே கொண்டுவர ஒரு வளைவு வேண்டும். உள்பக்கம் வழவழப்பான கிளேஸ் (சூளையில் உருகி ஒட்டும் பூச்சு), வெளிப்பக்கம் எவ்வளவு சொரசொரப்பு வேண்டுமானாலும் வைக்கலாம், தூக்கும்போது பிடிமானமாகக்கூட இருக்கும். அந்த வளைவைச் சரிசெய்ய எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. இப்போது வாங்குகிறவர்கள் "என்ன அழகு" என்று சொல்வதும் அந்த வளைவைத்தான், மேலே நான் தூரிகையால் போட்ட கோட்டை யாரும் கண்டுகொள்வதில்லை.

காப்பர் போட்டு மேட் பச்சை கிளேஸ் செய்திருக்கிறேன், பிரமாதமான நிறம். புளிக்குழம்பு ஊற்றலாமா? (வாசகர், திருச்சி)

வேண்டாம். ஈயம் கலந்த கிளேஸ் பெரும்பாலும் குறைந்த சூட்டுச் சமாச்சாரம், ஸ்டோன்வேரில் அது தேவையே இல்லை. ஆனால் அதனாலேயே உயர்சூட்டு கிளேஸ் எல்லாம் பத்திரம் என்று ஆகிவிடாது. கிளேஸ் என்பது கண்ணாடி. அதில் சிலிக்காவும் அலுமினாவும் போதுமான அளவு இருந்தால்தான் நிறம் தரும் உலோகத்தைப் பிடித்து வைத்திருக்கும். மேட் ஆக வேண்டும் என்று சிலிக்காவைக் குறைத்து, காப்பரை நாலைந்து சதவீதத்துக்கு மேல் ஏற்றினால், புளியும் எலுமிச்சையும் அதைக் கரைத்து எடுக்கும். பேரியம் என்ற உலோகம் போட்ட மேட் என்றால் இன்னும் மோசம்.

ஒரு எலுமிச்சைத் துண்டைக் கிளேஸ் மேல் கவிழ்த்து ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் அந்த இடம் வெளுத்திருந்தால் அதை உணவுக்கு வைக்கக் கூடாது, பூச்சாடிக்கு வையுங்கள். மாறவில்லை என்றாலும் அது முழுச் சான்று ஆகாது. விற்கப் போகிறீர்கள் என்றால் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். அப்படியே இன்னொன்று: கிளேஸில் மயிரிழை வெடிப்பு இருந்தால் மஞ்சள் உள்ளே இறங்கி வலைப்பின்னல் மாதிரி நிற்கும், எந்தச் சோப்புக்கும் போகாது. ஜாடியில் அது அழகு என்பவர்கள் உண்டு. சாம்பார்த் தட்டில் எனக்கு அது பிடிக்காது.

புதுச்சேரித் தட்டு என்றாலே ஏன் பழுப்பும் சாம்பல் பச்சையுமாக இருக்கிறது? வேறு நிறம் தெரியாதா? (வாசகர், விழுப்புரம்)

தெரியும் சார்! இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். இருவரும் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள், டெபோரா ஜப்பானில் வேலை கற்றவர். உள்ளூர் ஆட்களுக்குப் பழக்கி, விறகுச் சூளையில் தினப்புழக்கத்துக்கான தட்டும் கோப்பையும் செய்தார்கள். அவர்களிடம் கற்றவர்கள் சுற்றுவட்டாரத்திலும் ஆரோவில்லிலும் பட்டறை போட்டார்கள். நீங்கள் பார்க்கிற அந்த நிறக்குடும்பம் அங்கிருந்து பரவியது.

விறகுச் சூளையில் காற்றைக் குறைத்தால் நெருப்பு ஆக்ஸிஜன் தேடி அலையும், கிளேஸில் இருக்கும் இரும்பிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும். இரும்பு ஒன்றிரண்டு சதவீதம் என்றால் செலடான் என்கிற சாம்பல் பச்சை, எட்டு, பத்து என்றால் டென்மோக்கு என்கிற கறுப்பு, விளிம்பில் மட்டும் துரு நிறம். அதே செலடான் கலவையை மதுரை நண்பர் காற்று குறையாத தன் மின்சூளையில் போட்டால் மங்கிய மஞ்சள்தான் கிடைக்கும். எங்களுக்கு வேறு நிறம் தெரியாமல் இல்லை, இந்த நெருப்புக்கு இரும்பைப் பிடிக்கும்.

ஸ்டோன்வேரை மைக்ரோவேவில் வைக்கலாமா? அடுப்பில்? (வாசகி, சேலம்)

நன்றாக வெந்தது என்றால் மைக்ரோவேவ் சரி, தங்க விளிம்பு இருந்தால் கூடாது. வைத்த தட்டு உணவைவிட அதிகமாகச் சுட்டால் தண்ணீர் குடிக்கிற தட்டு என்று அர்த்தம். கேஸ் அடுப்பில் நேராக வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் சூடேறி வெடிக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கிண்ணத்தில் கொதிக்கிற பாலை ஊற்றுவதும் அதே கதைதான்.

ஓரத்தில் லேசாகச் சில்லு போய்விட்டது. தூக்கிப் போட மனசு வரவில்லை. (வாசகி, காரைக்கால்)

உதடு படுகிற கோப்பை என்றால் போடத்தான் வேண்டும், அறுத்துவிடும். தட்டு என்றால் நைஸ் உப்புத்தாளை நனைத்து அந்த முனையைத் தேயுங்கள், ஐந்து நிமிடம். நனைக்காமல் தேய்க்காதீர்கள், அந்தத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. கைக்குக் கூர்மை தெரியவில்லை என்றால் வறுவலுக்கும் அப்பளத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் சில்லு போகாத தட்டு இரண்டுதான் இருக்கிறது, அதை விருந்தாளிகளுக்கு வைத்திருக்கிறோம்.